அடிக்கடி ஹைபர்நேட் ஆகும் லேப்டாப்பில் பாயின்க்: வேலை எங்கே தொலைகிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர்களின் லேப்டாப் ஒரு நாளில் நாலைந்து தடவை ஹைபர்நேட் ஆவது சாதாரணம். வீட்டில் மூடினால் ஒன்று, ஆபீஸில் மீட்டிங் என்று எழுந்து போனால் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் கிளம்பும்போது ஒன்று. அப்படிப்பட்ட மெஷினில் பாயின்க் போடலாமா என்று கேட்டால், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் டெஸ்க்டாப் இருந்தால் போடு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்த கணக்கு தொலைவது உண்மைதான். ஆனால் அதற்கு ஹைபர்நேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: சும்மா இருக்கும் கணினி நேரத்தை ஆராய்ச்சிக்குத் தானமாகக் கொடுக்கும் ஏற்பாடு இது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் முன்னின்று உருவாக்கிய மென்பொருள்தான் பாயின்க். வேற்றுலக அறிவின் சிக்னலைத் தேட 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் 2020 மார்ச் 31-க்குப் பிறகு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஐன்ஸ்டீன் அட் ஹோம், ரொசெட்டா, பிரைம்கிரிட் போன்றவை அதே பாயின்க் வழியாக வேலை அனுப்புகின்றன.

ஹைபர்நேட் ஆகும்போது ராமில் இருப்பது அப்படியே டிஸ்கில் எழுதப்படும். விண்டோஸில் அதற்கென்று ஒரு மறை கோப்பு உண்டு; லினக்ஸில் ஸ்வாப்புக்கு (ராமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) போகும், அதனால் ஸ்வாப் ராம் அளவுக்காவது இருக்க வேண்டும். எழுந்ததும், 43 சதவீதத்தில் நின்ற டாஸ்க் (பாயின்க் வாங்கி ஓட்டும் ஒரு துண்டு வேலை) அதே 43-இலிருந்து நகரும். ஷட் டவுன் செய்தால்தான் கடைசி செக்பாயிண்டுக்கு, அதாவது டாஸ்க் தன் நிலையைக் கடைசியாக டிஸ்கில் எழுதி வைத்த இடத்துக்கு, பின்வாங்கும்.

அப்படியானால் நஷ்டம் எங்கே? சார்ஜரைப் பிடுங்குகிற இடத்தில். 'பேட்டரியில் இருக்கும்போது நிறுத்து' என்ற டிக் பெரும்பாலும் போட்டிருக்கும், போட்டிருக்கவும் வேண்டும். வயரைக் கழற்றியதும் பாயின்க் எல்லா டாஸ்க்கையும் நிறுத்துகிறது. 'நிறுத்தும்போதும் டாஸ்க்கை ராமிலேயே வை' என்ற இன்னொரு டிக் இல்லாவிட்டால் நிறுத்துவதோடு விடாது, ராமிலிருந்தே இறக்கிவிடும். அதற்குப் பிறகுதான் நீங்கள் மூடியை மூடுகிறீர்கள். லேப்டாப் ஹைபர்நேட் ஆகும்போது காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி வயர் செருகினால் டாஸ்க் பழைய செக்பாயிண்டிலிருந்து தொடங்கும், பழி ஹைபர்நேட் மேல் விழும்.

எவ்வளவு தொலைகிறது என்று கணக்குப் போடலாம். ஒரு டாஸ்க் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை செக்பாயிண்ட் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயரை எப்போது பிடுங்குவோம் என்பது தற்செயல், ஆக ஒரு தடவைக்குச் சராசரியாக 10 நிமிடம் போகும். நாளுக்கு 4 தடவை, 2 டாஸ்க் என்றால் 80 நிமிடம். அந்த லேப்டாப் தினம் 3 மணி நேரம் 2 கோரில் ஓடுகிறது என்றால் மொத்த உழைப்பே 360 நிமிடம்தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீண்.

சரிசெய்ய அரை நிமிடம் போதும். ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ் திறந்து, டிஸ்க் அண்ட் மெமரி தாவலில் அந்த இரண்டாவது டிக்கைப் போட்டு சேவ் செய்யுங்கள். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் மட்டும் யோசியுங்கள். நின்றிருக்கும் டாஸ்க் ராமை அடைத்துக்கொண்டிருக்கும், பிரவுசர் திணறும். அங்கே ஒரே நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் ஓடவிடுவது நல்லது.

உங்கள் டாஸ்க் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ்டு வியூவில் டாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் அழுத்தினால், கடைசி செக்பாயிண்டுக்குப் பிறகு ஓடிய சிபியு நேரம் ஒரு வரியில் வரும். சில டாஸ்க்கில் அது ஒரு நிமிடத்தைத் தாண்டாது. ரொசெட்டா மாதிரி ஒரு மாடலை முடித்த பிறகே எழுதுகிறவற்றில் அது ஏறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டிங் தாவலில் செக்பாயிண்டுக்கு 60 விநாடி என்று ஓர் எண் இருக்கிறது, அதை 10 ஆக்கினால் அடிக்கடி எழுதும் என்று நினைக்காதீர்கள். அதைவிட அடிக்கடி எழுதாதே என்று சொல்லும் வரம்பு மட்டும்தான் அது. எப்போது எழுதுவது என்பது அந்த ஆராய்ச்சி நிரலின் கையில்.

எழுந்த பிறகு வரும் சிக்கலுக்கு வருவோம். டூல்ஸ் மெனுவில் ஈவென்ட் லாகைத் திறந்தால், பூஜ்ய நிலையில் வெளியேறியது ஆனால் முடிந்ததற்கான கோப்பு இல்லை என்று பொருள்படும் ஆங்கில வரி சில நேரம் தெரியும். தூங்கி எழுந்ததில் கடிகாரம் தாவிவிட, பாயின்க் செத்துப்போனதாக நினைத்து டாஸ்க் தானாகவே வெளியேறியிருக்கும். பாயின்க் அதை மறுபடி ஓட்டிவிடும். எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். புராஜெக்டை ரீசெட் செய்யச் சொல்லி அடுத்த வரி மிரட்டும். அதை நம்பி ரீசெட் அழுத்தினால் அந்த புராஜெக்டில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா டாஸ்க்கும் போய்விடும். ஒவ்வொரு முறை எழும்போதும் வந்தால் மட்டும், மூடுவதற்கு முன் ட்ரேயில் இருக்கும் ஐகானை வலது க்ளிக் செய்து ஸ்னூஸ் கொடுத்துவிட்டு மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் தானாகத் தொடங்கிவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் ஜிபியு டாஸ்க் வேறு ஜாதி. வீடியோ மெமரியில் இருப்பது தூங்கி எழும்போது தப்பும் என்று நம்ப முடியாது. எழுந்ததும் கம்ப்யூட்டேஷன் எரர் என்று விழுவதுண்டு. லினக்ஸில் என்விடியா கார்டு என்றால், எழுந்த பிறகு குடா (அந்தக் கார்டில் கணக்கு ஓட்ட உதவும் மென்பொருள்) வேலையே செய்யாமல் போவது பழைய வியாதி. பாயின்க் சேவையை நிறுத்தி, என்விடியா யுவிஎம் என்ற கர்னல் மாட்யூலை இறக்கி ஏற்றி, மறுபடி தொடங்கினால் சரியாகும். தினம் இதைச் செய்ய யாருக்குப் பொறுமை? தினம் நாலு தடவை மூடும் லேப்டாப்பில் ஜிபியு வேலையே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

செர்ன் துகள் ஆய்வகத்தின் எல்எச்சி அட் ஹோமில் வர்ச்சுவல்பாக்ஸ் மேல் ஓடும் டாஸ்க்குகளும் அப்படித்தான். உள்ளே ஒரு முழு கணினியே ஓடுகிறது, அது தூங்கி எழுந்தால் தடுமாறி, பின்னர் பார்க்கலாம் என்று ஒத்திவைக்கப்பட்டுக் கிடக்கும். அதிலும் இடைவிடாத இணைய இணைப்பை எதிர்பார்க்கும் சிஎம்எஸ் என்ற பிரிவின் வேலைகள் பஸ் பயணத்துக்கு ஒத்தே வராது. புரதங்களை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் பாயின்க்கில் சேராது. அங்கே சீக்கிரம் திருப்பினால்தான் கூடுதல் புள்ளி, அதுவும் இந்த வாழ்க்கைக்குச் சரிப்படாது.

மிஞ்சுவது சிபியு டாஸ்க், அதிலும் கெடு தாராளமாக உள்ளவை. தினம் 3 மணி நேரம் ஓடும் மெஷினில் 8 மணி நேர டாஸ்க் முடிய மூன்று நாள் ஆகும். ரொசெட்டாவின் கெடு 3 நாள் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறக்காவிட்டாலே தாண்டிவிடும். ஐன்ஸ்டீனில் வழக்கமாக 14 நாள், மூச்சுவிட இடம் உண்டு. கெடு தாண்டினால் அதே வேலை இன்னொருவருக்கு அனுப்பப்படும். அவர் முடித்த பிறகு உங்களுடையது போய்ச் சேர்ந்தால் இரண்டு மெஷின் எரித்த மின்சாரத்துக்கு ஒரே பலன்.

வேலையைச் சேமித்து வைக்கும் அளவை 0.1 நாள், கூடுதல் 0.1 நாள் என்று சிறிதாகவே வையுங்கள். மெஷின் நாளில் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்று பாயின்க் தானே கற்றுக்கொள்ளும். ஹைபர்நேட்டில் போன நேரத்தையும் ஓடாத நேரமாகவே கணக்கில் எடுக்கும். ஆனால் புதிதாக நிறுவியதும் எப்போதும் விழித்திருக்கும் மெஷின் என்று நம்பி அள்ளிப் போட்டுக்கொள்ளும். முதல் ஓரிரு வாரம் டாஸ்க் வந்ததும் நோ நியூ டாஸ்க்ஸ் அழுத்தி வையுங்கள். பொங்கலுக்கு அரூர் பக்கம் ஊருக்குப் போவதானால் இரண்டு நாள் முன்பே அழுத்திவிடலாம்.

டாஸ்க் முடிந்து கோப்பு மேலேறினால் வேலை முடிந்தது என்று எண்ணி மூடிவிடுவார்கள். மேலேற்றுவது வேறு, ரிப்போர்ட் செய்வது வேறு. கெடுவுக்குக் கணக்கு இரண்டாவதுதான். 'ரெடி டு ரிப்போர்ட்' என்று நின்றால் புராஜெக்ட்ஸ் தாவலில் அப்டேட் அழுத்திவிட்டு மூடுங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் பாதியில் அறுந்த கோப்பு நெடுநேரம் காத்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பாயின்க் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். சிக்னல் கிடைத்ததும் டூல்ஸ் மெனுவில் நின்றுபோன பரிமாற்றங்களை மறுபடி முயலச் சொல்லலாம். ஒரு நாளுக்கு இத்தனை எம்பிதான் என்று நெட்வொர்க் தாவலில் வரம்பும் போடலாம்.

சூடு. தர்மபுரியில் ஏப்ரல், மே மதியத்தில் நாலு கோரையும் முழுக்க ஓட்டாதீர்கள். சிபியு நேரத்தை 60 சதவீதமாகக் குறைப்பதைவிட கோர் எண்ணிக்கையைப் பாதியாக்குவது மேல். முதல் வழியில் பாயின்க் டாஸ்க்கை விட்டு விட்டு ஓட்டும், விசிறியும் ஏறி இறங்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் சிபியுவின் உச்ச நிலையை 99 சதவீதம் ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்பில் டர்போ (சிபியு தற்காலிகமாக வேகம் கூட்டுவது) நின்று, சூடு சட்டென்று இறங்கும். கரன்ட் செலவு பயப்படும்படி இல்லை: 45 வாட், தினம் 4 மணி நேரம் என்றால் இரண்டு மாதப் பில்லில் 11 யூனிட்டுக்குள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையிலேயே வரும், பழைய பேட்டரி அதற்குள் படுத்துவிடும். தேய்ந்த பேட்டரி 7 சதவீதம் காட்டும்போதே சட்டென்று செத்துப்போகும், 5-இல் ஹைபர்நேட் ஆகட்டும் என்று வைத்திருந்தால் அந்த 5 வரவே வராது. கிரிட்டிக்கல் பேட்டரி அளவை 12 அல்லது 15-க்கு ஏற்றி, அப்போது செய்ய வேண்டியது ஹைபர்நேட் என்று வையுங்கள். ராமில் 3 ஜிபி டாஸ்க் இருந்தால் அதை ஹார்டு டிஸ்கில் எழுதவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மூடியதும் பைக்குள் திணிக்காமல், விளக்கு அணைந்து விசிறி நிற்கும்வரை பொறுத்து, பிறகு பஸ் ஏறுங்கள்.