தானா ராத்தாவில் கிளம்ப மறுத்த டீசல் வண்டி

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பாக என்னுடைய பழைய டீசல் பிக்கப்பில் கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டேன். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால் தானா ராத்தா வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் சமதரை என்று பொருள். தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா அங்கேதான் வசிக்கிறார். கனடாவின் எட்மண்டன் நகரில் கனரக லோரிகளைப் பழுதுபார்க்கும் அவருடைய மகனும் விடுப்பில் வந்திருந்தான்.

மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு, பொங்கலுக்குக் கரும்பும் மண்பானையும் வாங்கி வர அத்தையை ஈப்போவுக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. வாசல் தூணில் மாமா மாட்டியிருந்த வெப்பமானி 13 டிகிரி காட்டியது. மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலையாக அதிகாரபூர்வமாகக் கொள்ளப்படும் 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி முதல் நாள் பதிவானதும் இதே கேமரன் மலையில்தான். அதனோடு ஒப்பிட்டால் 13 டிகிரி பெரிய குளிரே அல்ல. ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. மூன்று முறை முயன்றேன். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுழன்றது. பின்னால் வெள்ளைப் புகை மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்தது.

கம்பளிச் சட்டையும் டார்ச் விளக்குமாக மாமா வெளியே வந்தார்.

"சாவியை விடுப்பா. வெள்ளைப் புகை வருதுன்னா எண்ணெய் உள்ளே போகுதுன்னு அர்த்தம். எரியறதுக்குச் சூடுதான் போதலை."

டீசல் இன்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் பொறி தட்டி எரிபொருளைப் பற்றவைப்பார்கள். டீசலில் பொறியே கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை இருபது மடங்கு அளவுக்கு நெருக்கினால் அந்த நெருக்கத்திலேயே அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படையும் இதுதான். உள்ளே நுழையும் காற்று 1 டிகிரி குளிர்ந்திருந்தால், நெருக்கி முடிக்கும்போது வெப்பம் ஏறத்தாழ 3 டிகிரி குறைந்துவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிள்ளானின் 25 டிகிரி காலையிலிருந்து தானா ராத்தாவின் 13 டிகிரிக்கு வந்த என் வண்டி, இந்தக் கணக்கில் மட்டுமே ஏறத்தாழ 36 டிகிரியை இழந்திருந்தது. அதோடு இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நெருக்குவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவாக இருக்க, அதில் பிறக்கும் சூட்டையும் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் குடித்துவிடுகின்றன.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குளோ பிளக், அதாவது மின்சாரத்தால் சிவக்கச் சூடேறும் சிறு குச்சி, வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் இருப்பது சிலிண்டரை ஒட்டிய சிறிய முன்னறையில் டீசலைத் தெளிக்கும் பழைய வகை இன்ஜின். அந்த அறையின் சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் சூடும் வேகமாகக் கசியும். மிதமான குளிருக்குக்கூட அதற்குக் குளோ பிளக் தேவை. நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜின்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை.

மாமா நான்கு பிளக்குகளையும் இணைத்திருந்த தகட்டைக் கழற்றினார். 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு கம்பியைப் பாட்டரியின் நேர்முனையில் மாட்டி, மறு கம்பியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். முதலாவதில் பல்பு எரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது பிளக்குகளிலும் எரியவில்லை. நான்காவதைத் தொட்டதும் பளிச்சென்று எரிந்தது. எத்தனை மாதங்களாக அந்த ஒற்றைப் பிளக்கை நம்பி நான் ஓட்டிக்கொண்டிருந்தேனோ! காலையில் வண்டி தாமதமாகக் கிளம்புகிறது என்று நான் முறையிட்டபோது, கிள்ளானில் ஒரு பட்டறையில் இந்த எளிய சோதனையைச் செய்யாமலே புதுப் பாட்டரி மாட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செலவைவிட, கேட்டறிய வேண்டியதைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்பதுதான் என்னை உறுத்தியது.

பிளக்குகளைக் கழற்றுவது அவசர வேலை அல்ல. துருப்பிடித்த பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால் முனை முறிந்து இன்ஜின் தலைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு தலையையே இறக்க வேண்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருந்து, கால் சுற்று இளக்கி, மறுபடி இறுக்கி, மறுபடி இளக்கி என்று மூன்றாவது பிளக்குக்கு மட்டும் மாமா அரை மணி நேரம் செலவிட்டார். வெளியே வந்தபோது அதன் முனை கருகி, வீங்கி, நெடுக வெடித்திருந்தது. நல்ல பிளக்கையும் கழற்றி, தடித்த கம்பியால் பாட்டரியோடு இணைத்து இடுக்கியில் பிடித்துக் காட்டினார். சில நொடிகளில் அந்த இருட்டில் அதன் நுனி ஊதுபத்தி நுனியைப் போலச் சிவந்து, பிறகு முழு முனையும் ஆரஞ்சு நிறமாக ஒளிர்ந்தது.

கடைகள் திறக்க ஒன்பது மணி ஆகும் என்பதால் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டோம். மாமா தம் தோட்டத்துக் கதையைத் தொடங்கினார். அந்தக் காலத்து லேண்ட்ரோவர் டீசல் வண்டிகளில் குளோ பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனாலும் நான்குக்கும் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு, ஒரு மணி நேரம் முன்பே பட்டறைக்குப் போய்விடுவார்களாம். இரவில் பானெட்டின்மேல் சாக்கு போர்த்துவதும், வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவதும் அங்கே எழுதாத சட்டமாக இருந்தன.

"எங்க ஊர்ல இறக்கம் உதவாது, அத்தான்" என்றான் மச்சான். ஜனவரியில் எட்மண்டன் −30 டிகிரிக்கு இறங்கும். அங்கே வண்டியின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருக்குமாம்; இன்ஜினுக்குள் இருக்கும் கூலண்ட் நீரைச் சூடாக்கும் ஹீட்டரின் கம்பி அது. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு அதை மின்சாரத்தில் செருகிவிட்டால், காலையில் இன்ஜின் குளிரை அறியாமலே எழுந்துகொள்ளும். செருகாமல் விட்டால் எல்லாமே ஒன்றாக எதிர்த்து நிற்கும். −18 டிகிரியிலேயே பாட்டரியின் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் தேன்போலக் கெட்டியாகி, சுழற்றுவதற்கு முன்னிலும் அதிக ஆற்றல் கேட்கிறது. மெதுவாகச் சுழலும் இன்ஜினில், நெருக்கிய காற்று பிஸ்டன் வளையங்களின் வழியே கசிந்து சூட்டையும் கொண்டுபோய்விடும். ஆகவே அங்கே 15W-40 ஆயிலை விட்டு, 5W-40 போன்ற இளகிய ஆயிலுக்கு மாறுகிறார்கள்.

எரிபொருளும் மாறுகிறது. டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிரில் அது முதலில் மேகம்போலக் கலங்கி, பிறகு ஃபில்டரை அடைத்துவிடும். அதற்கான மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும். மெழுகு திரண்டபின் ஊற்றிப் பயனில்லை. "ஈத்தர் ஸ்ப்ரே அடிச்சுக் கிளப்பலாமா?" என்று கேட்டேன். குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஒருபோதும் கூடாது என்றான். சிவந்த பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடிக்கும்; பிஸ்டனே உடைந்துபோகலாம்.

நம் ஊருக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு என்று மாமா இடைமறித்தார். செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் பயோடீசல், கலப்பில்லாமல் இருந்தால் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். 2019இல் நாடு முழுவதும் பத்து விழுக்காடு பயோடீசல் கலந்த B10 வந்தபோது, கேமரன் மலை, கெந்திங் மலை, குண்டசாங் ஆகிய குளிர்ந்த இடங்களுக்கு மட்டும் பயோடீசல் குறைந்த B7 தொடர்ந்ததற்கு இதுவே காரணம். மலைக்கு வந்தால் மலையிலேயே டீசல் ஊற்றிக்கொள் என்பது அவருடைய அறிவுரை. என் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

புதிய பிளக்குகளை முதலில் கையாலேயே மரை பிடிக்கத் திருகி, பிறகுதான் ஸ்பானரைத் தொட்டோம். ஈப்போப் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம்.

மறுநாள் விடிகாலை 12 டிகிரி. சாவியைப் பாதி திருப்பினேன். குளோ பிளக் சூடேறுவதைக் காட்டும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, உதட்டுக்குள் ஐந்துவரை எண்ணி, பிறகு விட்டார். இரண்டே சுழற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்கப் போனேன். ஆயில் மேலே ஏறட்டும் என்று தடுத்து, பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். புகை மெலிந்து, சத்தம் சீரானதும் கையை எடுத்தார். அத்தை கூடையோடு ஏறி உட்கார்ந்தார்.