நான்கு மணி நேரம் அசைக்காமல்

கொல்கத்தாவில் ஒரு காலரா ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், மூன்று மாதம் என் எலைசா தட்டுகள், அதாவது காலரா நச்சு இருந்தால் மஞ்சளாகும் சோதனைத் தட்டுகள், வெளுத்தே கிடந்தன. எல் டோர் வகை விப்ரியோ என்ற காலராக் கிருமி பிளாஸ்க்கில் பால்போலக் கலங்கி வளரும். நச்சு மட்டும் இருக்காது. நச்சின் மரபணுவே தொலைந்துவிட்டதோ என்று, மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்து பார்த்தேன். பத்திரமாக இருந்தது.

செழிப்பாக வளர்ந்தால் நச்சும் கூடவே வரும் என்று நம்பி, 37 டிகிரியில் இரவெல்லாம் ஷேக்கரில் ஆட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மூத்தவர் ஒருவர், அங்கே எல்லாருக்கும் 'தாதா', அதாவது அண்ணன், பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது குடல்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

1986-இல் ஜப்பானில் இவாநாகா குழு கண்ட முறையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சோடியம் பைகார்பனேட் சேர்த்த, கிருமி வளர்க்கும் ஊடகத்தைக் குழாயில் விளிம்புவரை நிரப்பி, நான்கு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும், காற்று குறையும். பிறகுதான் ஷேக்கர். பைகார்பனேட் வேறொன்றுமில்லை, ஆப்ப மாவில் போடும் சோடாதான். அதை நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்காமல் வடிகட்டிச் சேர்க்க வேண்டும் என்பதையும் ஒரு வாரம் பாழானபின் கற்றேன்.

கிருமியின் சவ்வில் டாக்ஸ்-ஆர், டிசிபி-பி என்ற புரதங்கள் வெளியே என்ன நிலை என்று உணர்கின்றன. அவை டாக்ஸ்-டி என்ற புரதத்தின் மரபணுவை இயக்க, அது நச்சு மரபணுக்களையும் குடலில் ஒட்டிக்கொள்ளும் இழைகளின் மரபணுக்களையும் சேர்த்தே முடுக்கும். பித்தத்திலுள்ள சில கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்-டியைக் கட்டிப்போடும். பைகார்பனேட் அதை ஊக்குவிக்கும். குடலின் நடுவே பித்தம் மிகுதி, சுவரை நெருங்கினால் பைகார்பனேட். ஆக, சுவரைத் தொடும்வரை கிருமி நச்சைச் செய்து வீணாக்குவதில்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று வேலையே ஓடவில்லை எனக்கு. இத்தனைக்கும் நச்சு மரபணு கிருமியின் சொந்தச் சொத்தே அல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று ஆய்வாளர்கள் வால்டரும் மெக்கலானோஸும் 1996-இல் காட்டினார்கள்.

சம்பு நாத் டே நினைவுக்கு வந்தார். இதே ஊரில், 1959-இல், காலராக் கிருமி வளர்ந்த ஊடகத்தை வடிகட்டி, கிருமி நீங்கிய அந்த வடிநீரை முயலின் குடலில் செலுத்தி, காலராவுக்குக் காரணம் ஒரு நச்சே என்று நிறுவியவர். நோபல் பெற்றிருக்க வேண்டிய மனிதர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் பழைய வடிநீரை அந்தக் குடலில் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

அடுத்த தட்டில் மூன்றாவது வரிசை மஞ்சளாகியது. கத்தியேவிட்டேன். தாதா வந்து தோளைத் தட்டினார்.

அன்று மாலை மாதிரி வாங்க மருத்துவமனை வார்டுக்குப் போனேன். ஒரு பையன் படுத்திருந்த கட்டிலின் நடுவில் துளை, கீழே வாளி, வாளியில் அரிசி கழுவிய நீர்போல. மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும் என்று படித்ததுண்டு. பையனின் அம்மா உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் வாளியின் அளவுக் கோட்டைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார்.