நகைக்கடன் மேசையில் பார்த்த கணக்குகள்

வங்கிப் பணியில் நான் அமர்ந்த மேசைகளுள், மனிதர்கள் முடிவெடுப்பதை மிக அருகிலிருந்து பார்க்க முடிந்தது நகைக்கடன் மேசையில்தான். வீட்டுக் கடனுக்கு வருபவர் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார். காசோலையை மாற்ற வருபவருக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. நகையோடு வருபவர்கள் மட்டும் பாதி முடிவோடு வருவார்கள். பணம் வேண்டும் என்பது உறுதியாகியிருக்கும்; எந்த நகையை வைப்பது, எவ்வளவு வாங்குவது, எப்போது திருப்புவது என்பவையெல்லாம், மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்து, கல்லின் எடையைக் கழித்து, நிகர எடையைச் சொல்லும் அந்தச் சிறிது நேரத்தில்தான் முடிவாகும்.

அப்போதிருந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம். மேலூர்ப் பகுதிக் கிளையில் நான் இருந்தபோது, அந்த எல்லை வரை வாங்காமல் எழுந்து போனவர்களே எனக்கு வியப்பளித்தார்கள். “இதுக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்பவர்கள் ஒரு வகை, “இருபதாயிரம் போதும் சார், அதுக்கு மேல வேண்டாம்” என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரில் பெண்களே அதிகம். தேவையைத் தொகையாக்கி வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். முதல் வகையினருக்கோ நகையின் எடையே தேவையின் அளவாகிவிடும். யார் நேரத்துக்குத் திருப்புவார்கள் என்று யாராவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், இந்த ஒரு கேள்வியை வைத்தே கட்டியிருப்பேன்.

மேலூர் வட்டாரம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தின் ஒருபோகப் பகுதி. கால்வாய் வழியில் கள்ளந்திரி என்ற ஊர் வரை இருபோகம். அதற்குக் கீழே 85 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கருக்கு ஒரு போகம்தான். வைகை அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து, வழக்கமாகச் செப்டம்பரில் தண்ணீர் திறப்பார்கள். திறப்பார்களா, எப்போது திறப்பார்கள் என்று தெரியாத நிலையிலேயே நாற்றுப் பாவ வேண்டும். தண்ணீர் தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். அறிவிப்பு வந்த பிறகு பாவினால் பருவம் தவறும். இதற்கு அந்த விவசாயிகள் கண்டிருந்த வழி, முடிவை ஒரேயடியாக எடுக்காமல் துண்டு துண்டாக எடுப்பது. விதைக்கும் உழவுக்கும் முதலில் ஒரு மோதிரமோ தோடோ வரும். தண்ணீர் மடைக்கு வந்த பிறகுதான் சங்கிலி வரும். வங்கிக்கு இது இரண்டு விண்ணப்பம், இரண்டு மதிப்பீட்டுக் கட்டணம், இரண்டு முறை இரும்புப் பெட்டியைத் திறக்கும் வேலை. மொத்தமாக வைத்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்வதுண்டு. அவர்கள் சிரித்துக்கொள்வார்கள். தண்ணீர் வராத ஆண்டில் அவர்களுக்குப் போவது மோதிரத்துக்குரிய வட்டி மட்டுமே என்பது, எங்கள் வசதியைவிடப் பெரிய விஷயம் அல்லவா?

எந்த நகை முதலில் வரும் என்பதிலும் ஒழுங்கு உண்டு. எடையோ தரமோ அதைத் தீர்மானிப்பதில்லை; ஊர்க் கண்தான் தீர்மானிக்கும். வளையல் முதலில் வரும், ஏனெனில் கையில் கவரிங் போட்டுக்கொண்டால் யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். கழுத்து வெறுமையாக இருந்தால் முதல் விசேஷத்திலேயே தெரிந்துவிடும். தாலிச் சங்கிலி வருவதும் உண்டு. தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியை மட்டும் தருவார்கள். அது வந்துவிட்டால் வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை என்று பொருள்; அந்த விண்ணப்பங்களில் நாங்கள் அதிகம் பேசமாட்டோம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மகள் பெயரில் எங்கள் கிளையிலேயே நிரந்தர வைப்புத்தொகை வைத்திருந்தார். ஆனாலும் மகன் கல்லூரிக் கட்டணத்துக்குச் சங்கிலியை அடகு வைக்க வந்தார். வைப்பின் பேரில் கடன் வாங்கினால் வைப்பு வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல், நகைக்கடன் வட்டி அதைவிட அதிகம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “கணக்கு சரிதான் சார். நகையத் திருப்பலைன்னா கழுத்தே கேட்கும். அந்தப் பணத்துல கை வச்சா யாரு கேட்பா?” என்றார்.

பணத்துக்கு அடையாளம் கிடையாது, எந்த ரூபாயும் ரூபாய்தான் என்பது பொருளாதாரப் பாடம். மனிதர்கள் அப்படி நடப்பதில்லை, ஒவ்வொரு தொகையையும் மனத்துக்குள் தனித்தனிக் கணக்கில் வைக்கிறார்கள் என்று 1980களிலிருந்து எழுதிவந்த ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதைப் படித்தபோது இந்தப் பெண்மணியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் கூடுதலாகக் கட்டிய வட்டியைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தன் மனத்தின் பலவீனத்தை முன்கூட்டியே அறிந்து, அதற்கு ஒரு காவலாளியை நியமித்து அவர் கொடுத்த சம்பளம் அது.

செய்முறைக்காக நகை வைப்பதையும் முதலில் வீண் செலவாகவே கருதினேன். காதுகுத்துக்கோ கல்யாணத்துக்கோ மொய் செய்ய வட்டிக்குப் பணம் வாங்குவதா என்று பட்டது. ஆனால் மேலூரிலும் உசிலம்பட்டிப் பக்கத்திலும் மொய் நோட்டு எங்கள் பேரேட்டுக்கு இணையான ஆவணம். முன்பு நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் செய்தது அதில் இருக்கிறது. அதைவிடக் கூட்டித் திருப்பிச் செய்வதே மரியாதை. நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். திருப்பிச் செய்யாதவர் வீட்டுப் பந்தலில் அடுத்த முறை கூட்டம் குறையும். பிணையம் இல்லை, கையெழுத்து இல்லை, வாராக்கடனும் எங்களளவு இல்லை என்றே தோன்றுகிறது. ஆயினும் விசேஷமே வைக்க வழியில்லாத வீடுகள், குறிப்பாகப் பிள்ளையில்லாத வீடுகள், இதில் செய்துகொண்டே இருக்கின்றன. அவர்களுக்குத் திரும்பி வருவது அரிது. இந்த ஏற்பாட்டைப் புகழ்பவர்கள் அதைச் சொல்வதில்லை.

எல்லா முடிவுகளிலும் ஒரு மறைந்த ஞானம் இருப்பதாக நான் நம்பவில்லை. வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி வைக்கும் பழக்கம் அதற்குச் சான்று. மீட்க முழுத் தொகை வேண்டும். திருப்பி வைக்க அப்போது வட்டியும் ஒரு கையெழுத்தும் போதுமானதாக இருந்தது. எது எளிதோ அதை ஆண்டுதோறும் செய்து, நகையின் விலையில் பெரும்பகுதியை வட்டியாகவே கட்டிவிட்டவர்கள் உண்டு. விற்றுக் கடனை அடையுங்கள், மிச்சம் கையில் நிற்கும் என்றால் முகம் மாறிவிடும். விற்பது இழப்பு, வட்டி கட்டுவது செலவு. இழப்பு என்ற பெயர் வராதவரை எவ்வளவு செலவானாலும் தாங்கிக்கொள்வார்கள். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, அதற்குத் தொடர்பே இல்லாத எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரும் மீட்காமல் காத்திருந்தார்கள். நமக்கும் வரலாம் என்ற நினைப்பில் கூடிய வட்டியை அவர்களே கட்ட வேண்டியதாயிற்று.

இந்தத் திருப்பி வைக்கும் பழக்கத்தைக் குறைக்க, கடன் தரும்போதே எந்த மாதம் மீட்பீர்கள் என்று கேட்டு, விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினேன். தவணையோ 12 மாதம். ஆனால் பலரும் அறுப்பு முடிந்து தையில் என்றார்கள். தை கடைசியில் ஒரு போன் செய்தால், ஒன்று வந்து மீட்டார்கள், அல்லது பாதியாவது கட்டினார்கள். தாங்களே சொன்ன மாதம் என்பதால் கோபித்துக்கொண்டவர் அநேகமாக இல்லை. பிறகு மதுரை நகரக் கிளைக்கு மாற்றலாகி அதே கேள்வியைக் கேட்டபோது, “கையில காசு வந்ததும் சார்” என்றார்கள். அந்தப் பதிலை எந்த மாதத்துக்கு நேராகக் குறிப்பது என்று தெரியவில்லை. ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லுங்கள் என்று விடாமல் கேட்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.