சொலேம் மடத்துல பெரிய வெள்ளி

பிரான்சுக்கு வந்ததுலேருந்து பெரிய வெள்ளி அன்னிக்கு ஊர் கோயில்ல இல்லையேன்னு மனசு அடிச்சுக்காத வருசமே இல்ல, இந்த வருசம் எப்படியும் பழைய லத்தீன் கோயில் பாட்டுக்குப் பேர்போன சொலேம் துறவிங்க மடத்துக்குப் போயிடணும்னு நானும் அக்காவும் பாரிஸ் மோன்பர்னாஸ்ல ரயில் ஏறிட்டோம். சாப்லே ஸ்டேசன்ல இறங்குனா மடம் ஒரு 3 கிலோமீட்டர், ஒருசந்தியோட நடந்தே போனோம். சார்த் ஆத்தங்கரையில கோட்டை மாதிரி நிக்குது.

1010ல ஆரம்பிச்ச இடம் இது. பிரெஞ்சுப் புரட்சியில துறவிங்கள விரட்டிட்டாங்க, 1833ல கெரஞ்சேன்னு ஒரு சாமியார் திரும்ப உயிர் குடுத்தார். மறந்துபோன பழைய லத்தீன் பாட்டுங்கள கையெழுத்துச் சுவடிங்கள ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்த்து மீட்டெடுத்ததும் இவங்கதான், 1889லேருந்து அந்தச் சுவடிங்கள படம் எடுத்து புத்தகமாவே போட்டிருக்காங்க.

பெரிய வியாழன் பூசையில உன்னதங்களிலேங்கிற புகழ்ச்சிப் பாட்டு பாடுனதோட மணியும் ஆர்கனும் நின்னுடும், பாஸ்கா ராத்திரி, அதாவது ஈஸ்டருக்கு முந்துன ராத்திரி வரைக்கும் சத்தம் கிடையாது. இந்த லத்தீன் பாட்டுங்களுக்கு வாத்தியமும் தேவைப்படல, சுருதி பிரியாம எல்லாரும் ஒரே ராகத்த ஒரே குரலா பாடுறாங்க, தாளம்னு தனியா எதுவும் இல்ல, வார்த்தை எப்படி மூச்சு விடுதோ அப்படியே பாட்டும் போகுது.

சிலுவை முத்தி, அதான் எல்லாரும் சிலுவைய முத்தி செஞ்சு வணங்குற சடங்கு, ஆரம்பிச்சப்பதான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. "பொபுலே மெயுஸ், க்விட் ஃபேச்சி திபி"ன்னு எடுத்தாங்க. லத்தீன் எனக்குத் தெரியாது, ஆனா அக்கா என் கைய இறுக்கிப் பிடிச்சா, என் சனமே நான் உனக்கு என்ன செஞ்சேன், எதுல உன்ன வருத்துனேன், பதில் சொல்லுன்னு ஆண்டவர் சிலுவையிலேருந்து கேக்குறது, நம்மூர்ல சின்ன வயசுலேருந்து தமிழ்ல பாடி அழுத அதே வார்த்தைங்க! எகிப்துலேருந்து உன்ன மீட்டேன், நீ எனக்கு சிலுவை செஞ்சியேன்னு அவர் கேக்கக் கேக்க, ஒரு பக்கம் கிரேக்கத்துல ஹாகியோஸ் ஓ தெயோஸ்னு பாடுனாங்க, இன்னொரு பக்கம் அதையே லத்தீன்ல சாங்க்துஸ் தெயுஸ்னு திருப்பிப் பாடுனாங்க. பரிசுத்த கடவுளேங்கிறதத் தவிர மனுசன் அவருக்கு வேற என்ன பதில் சொல்ல முடியும்.

அடுத்து க்ருக்ஸ் ஃபிதேலிஸ், விசுவாசமுள்ள சிலுவையேன்னு சிலுவையப் பார்த்துப் பாடுற பாட்டு. 6ம் நூற்றாண்டுல ஃபொர்த்துனாத்துஸ் எழுதுனது, பின்னாடி புவாத்தியே நகரத்துக்கு ஆயரா ஆனவர். ராதெகுந்து அரசி அந்த ஊர்ல கட்டுன மடத்துக்கு 569ல திருச்சிலுவையோட ஒரு துண்டு வந்தத ஒட்டி அவர் வேற பாட்டும் எழுதியிருக்கார். க்ருக்ஸ் ஃபிதேலிஸ்ல ஒரு இடம் இருக்கு, அத என்னால மறக்கவே முடியாது, சிலுவை மரத்தையே பார்த்து, உசந்த மரமே உன் கிளைய வளைச்சுக் குடு, உன் விறைப்ப கொஞ்சம் தளர்த்திக்கோ, ராசாவோட உடம்பு வலிக்காம தாங்கிக்கோன்னு கெஞ்சுறார். ஒரு தாய் கேக்குற மாதிரி இருக்கு. 1400 வருசத்துக்கு மேல ஆயும் அந்தக் கெஞ்சல் ஆறவே இல்ல.

முடிஞ்சதும் கோயிலுக்குள்ளயே ஒரு பக்கமா இருக்குற, 1496ல செஞ்ச ஆண்டவர் அடக்கச் சுரூபங்க கிட்ட போனோம். கல்லறைக்கு முன்னாடி மதலேன் மரியாள் தரையில உக்காந்து கை கூப்பி ஒண்ணுமே பேசாம இருக்கா. அக்கா அவ எதிர்லயே ரொம்ப நேரம் முழந்தாள்ல இருந்தா, நான் கூப்பிடல.

ஆத்தோரமா திரும்பி நடக்குறப்ப அவளே மெல்லமா தமிழ்ல எடுத்தா, எனது சனமேன்னு. ஸ்டேசன் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பாடிக்கிட்டே போனோம்.