எங்கள் வள்ளத்தில் ஜி.பி.எஸ்.: வயர் முதல் கணியம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பக்கத்துக் கடலில் மீன்பிடித் தொழில் செய்கிற குடும்பம் எங்களுடையது. இரண்டு அவுட்போர்டு மோட்டார் வைத்த ஃபைபர் வள்ளம். அப்பா, மாமா, நான் மூன்று பேரும் சேர்ந்து போவோம். பல வருடமாகக் கையில் பிடிக்கிற சின்ன ஜி.பி.எஸ். ஒன்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். போன ஆவணியில், ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரும் சேர்ந்த, ஐந்து அங்குலத் திரை உள்ள கருவியை வாங்கிப் பொருத்தினோம். கார்மின் நல்லதா, ஃபுருனோ நல்லதா என்று எங்கள் கரையில் ஓயாத பேச்சு உண்டு. பொருத்தி ஓட்டிப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. கருவிக்குப் போகிற மின்சாரமும், கருவிக்குள் நாம் போடுகிற எண்களும் சரியாக இருந்தால் எந்தக் கம்பெனிக் கருவியும் கரை சேர்க்கும். இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் விலை உயர்ந்த கருவியால் பிரயோசனம் இல்லை.

முதலில் மின்சாரம். கயிறு இழுத்துக் கிளப்புகிற மோட்டாரில் பேட்டரி கிடையாது. அதனால் வீட்டில் சார்ஜ் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற 12 வோல்ட் பேட்டரிதான் கதி. கருவி ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கிறது. ஒரு ஆம்பியர் என்றே கணக்குப் போட்டாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி ஆகும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 26 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினோம். சின்னதாக 7 ஆம்பியர்-மணி போதும் என்று கடையில் சொன்னார்கள். பகல் தொழிலுக்கு மட்டும் போகிறவர்களுக்குப் போதலாம், ராத்திரி தங்கிற தொழிலுக்குப் போதாது.

லைட்டுக்குப் போகிற வயரிலிருந்து கருவிக்கு இழுக்காமல், பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் போட்டோம். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். வயரும் சாதாரண செம்பு வயர் இல்லை, வெள்ளீயம் பூசியது. உப்புக்காற்றில் வெறும் செம்பு கொஞ்ச நாளில் பச்சை பிடித்து, வெளியே ரப்பர் நன்றாக இருக்க உள்ளே பொடியாகிப் போகும். இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்குகிற குழாய் போட்டோம். இந்த வேலைக்குக் குளச்சலில் வயரிங் செய்கிற நண்பன் வந்து உதவினான். அரை நாள் ஆனது. கருவி நடுக்கடலில் அணைந்து போனதாக நான் கேட்ட கதைகளில் பாதிக்கு மேல் இந்த அரை நாள் வேலையைச் செய்யாததால் வந்தவைதான்.

கருவியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. வள்ளத்தில் வீல்ஹவுஸ், அதாவது ஓட்டுகிறவருக்கான அறை கிடையாது. மோட்டார் பிடிக்கிறவர் உட்கார்ந்தபடியே பார்க்கிற இடத்தில் ஃபைபரில் ஒரு பெட்டி செய்து, முன்னால் அக்ரிலிக் கண்ணாடி போட்டோம். ஆன்டெனா கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஃபைபரை ஊடுருவி சிக்னல் வந்துவிடும், இரும்புத் தகடும் அலுமினியமும்தான் மறைக்கும். பெட்டியின் மேல் பாத்திரமோ ஐஸ் பெட்டி மூடியோ வைக்கக்கூடாது என்று மாமாவிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். வி.எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனா ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. திசைகாட்டியையும் தள்ளித்தான் வைத்தோம். கருவியும் அதன் வயரும் பக்கத்தில் இருந்தால் முள் இழுபடும். கருவி வைக்கும் முன்னும் வைத்து ஆன் செய்த பின்னும் முள்ளைப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்தபிறகுதான் ஸ்க்ரூ முடுக்கினோம்.

கருவியில் ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். பின்பக்கம் வயர் சொருகுகிற பின்களை உப்பு அரிப்பதை அது தடுக்காது. கரை வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பின்களில் கொஞ்சம் வாசலின் தடவி மூடி வைக்கிறோம்.

எக்கோ சவுண்டருக்காக ஒலியை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டியூசர்தான் அதிகம் யோசிக்க வைத்தது. வள்ளத்தின் பின்பலகையில் வெளியே மாட்டுவதுதான் வழக்கம். கரையில் இழுத்து ஏற்றுகிற வள்ளத்தில் அது மணலில் இடித்து உடைந்துவிடும். அதனால் உள்ளே, அடித்தட்டிலேயே ஒட்டினோம். நுரையோ மரமோ நடுவில் இல்லாத கெட்டி ஃபைபராக இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஒட்டும் முன் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதில் வைத்து, வள்ளத்தைக் கடலில் விட்டு ஆழம் காட்டுகிறதா என்று பார்த்தோம். காட்டியது. பிறகு உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பு எடுத்து, எபாக்ஸிப் பசையில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் பதித்தோம். குமிழி இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். இதில் ஒரு இழப்பு உண்டு. கருவி காட்டுகிற வெப்பநிலை தண்ணீருடையது இல்லை, வள்ளத்தின் அடித்தட்டுடையது. அந்த எண்ணை நாங்கள் பார்ப்பதில்லை. 200 கிலோ ஹெர்ட்ஸ் கிட்டக் கடலுக்கு, 50 கிலோ ஹெர்ட்ஸ் ஆழத்துக்கு. ஆழத்தை மீட்டரில் வைக்காமல், இரண்டு கையையும் விரித்த நீளமான பாகத்தில் வைத்தேன், அப்பாவின் கணக்கு முழுக்கப் பாகத்தில்தான் ஓடும்.

பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கருவியை முதல்முறை ஆன் செய்தபோது இடம் காட்ட நேரமானது. மாமா பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. நாலு செயற்கைக்கோளாவது கிடைத்தால்தான் இடம் கணக்காகும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியலை வானத்திலிருந்து வாங்கி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். திறந்த வெளியில் அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டால் அடுத்த முறை சட்டென்று வந்துவிடும். அமைப்புகளில் வாஸ் என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் நம் நாட்டின் ககன் திருத்தச் சிக்னலையும் கருவி எடுத்துக்கொள்ளும், துல்லியம் கூடும்.

இனி எண்கள். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். போனில் வரைபடம் பார்த்தால் 8.125 என்று டிகிரியிலேயே தசமம் வரும். கருவியில் வழக்கமாக 8 டிகிரி 07.500 நிமிடம் என்று வரும். மூன்றாவது 8 டிகிரி 7 நிமிடம் 30 விநாடி. மூன்றும் ஒரே இடம்தான். ஆனால் போனில் பார்த்த 8.125ஐக் கருவியில் 8 டிகிரி 12.5 நிமிடம் என்று போட்டால் ஐந்து நிமிடம் வித்தியாசம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஐந்து நிமிடம் என்றால் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல். முட்டத்துக் கரையே 8 டிகிரி 7 நிமிடத்தை ஒட்டி இருப்பதால் அந்தப் புள்ளி தரைக்குள் போய் நிற்கும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது விநாடிக் குழப்பம்தான். 7 நிமிடம் 30 விநாடியை 07.30 என்று போட்டால் வித்தியாசம் சுமார் 370 மீட்டர். கடலில்தான் இருக்கும், சரியான இடம் போலவே தோன்றும், மீன் கூடுகிற கடலடிப் பாறையான பார் மட்டும் அங்கே இருக்காது.

ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கொடுக்கிற மீன்வளப் பகுதித் தகவலில் அட்ச, தீர்க்க ரேகை விநாடிக் கணக்கில்தான் வரும். கடலின் மேல்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று சொல்கிறார்கள். நல்ல சேவை. விநாடியை அறுபதால் வகுத்து நிமிடத்தோடு சேர்த்துத்தான் கருவியில் போடவேண்டும்.

அட்ச, தீர்க்க ரேகையை எந்த அடிப்படையில் அளப்பது என்பதற்கு டேட்டம் என்று ஒரு அமைப்பும் இருக்கும். அது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்றே இருக்கட்டும். யாராவது கை தவறி வேறு ஒன்றுக்கு மாற்றினால் எல்லாப் புள்ளியும் நூறு இருநூறு மீட்டர் நகர்ந்து தெரியும். வேறு வள்ளத்துக்காரர் புள்ளி கொடுத்தால் எண்ணை மட்டும் வாங்காமல், எந்த வடிவம், எந்த டேட்டம் என்று கேட்டு வாங்குங்கள்.

பாக் நீரிணையில் தொழில் செய்கிற சொந்தக்காரர்களுக்கு இதே எண்கள் வேறு காரணத்துக்காக முக்கியம். 1974 ஒப்பந்தத்தில் இந்திய, இலங்கைக் கடல் எல்லைக்கோடு ஆறு புள்ளிகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒன்று வடக்கே 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 22.60 நிமிடம். அந்த ஆறையும் இதே நிமிடத் தசம வடிவத்தில் போட்டுக் கோடாக இணைத்து, கிட்டப் போனால் அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி நீரோட்டம் இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டை வேறு எதுவும் காட்டாது.

கருவி தயாரானதும் அப்பாவின் கணியத்தை அதில் ஏற்றுகிற வேலை தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கணியம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கரையில் கிட்ட ஒரு அடையாளம், தூரத்தில் ஒரு அடையாளம், இரண்டும் ஒரே நேரில் வரவேண்டும். கிட்ட இருப்பது கோயில் கோபுரமாகவோ வெளிச்சவீடாகவோ இருக்கும். தூரத்தில் இருப்பது வேளிமலையின் ஒரு மடிப்பு, மருந்துவாழ் மலையின் உச்சி, இப்படி. அந்த நேரைப் பிடித்துக்கொண்டே போகும்போது இன்னொரு பக்கத்தில் இன்னொரு ஜோடி நேராக வரும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வள்ளத்துக்கு அடியில் பார் இருக்கும். எங்கள் பாருக்கு எந்த ஜோடி என்று இங்கே எழுத முடியாது, அது குடும்பச் சொத்து.

தெளிவான காலைகளில் போனோம். அப்பா வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் நின்று மலையையே பார்ப்பார். நான் கருவியில் மார்க் பொத்தானில் விரல் வைத்திருப்பேன். "பொறு மக்கா, இன்னும் கொஞ்சம் வாடைக்கு ஏறட்டும்" என்பார். பிறகு "இப்ப அடி" என்பார். அதே நொடியில் எக்கோ சவுண்டரில் தரை மேலே எழும்பி வரும். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை. வேறொரு நாள் அதே கணியத்தை அவரை மறுபடி பிடிக்கச் சொல்லி இன்னொரு மார்க் வைத்தேன். இரண்டு மார்க்கும் இருபது முப்பது மீட்டருக்குள் விழுந்தன. வெறும் கண்ணால், ஆடுகிற வள்ளத்தில் நின்று! கட்டுமரக் காலத்திலிருந்து வாய்வழி வந்த இந்த அறிவை "பழைய முறை" என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அப்பாவும் தன் பக்கத்துக் குறையைச் சொன்னார். மங்கல் விழுந்தால் மலை தெரியாது, மழையில் கோபுரம் தெரியாது, ராத்திரியில் வெளிச்சவீடு ஒன்றுதான். அந்த நேரத்துக்குத்தான் கருவி.

கருவியில் பெயர் ஆங்கில எழுத்தில்தான் போடமுடிகிறது. அப்பாவுக்கு அது படிக்க வராது. அதனால் படங்களைப் பயன்படுத்தினோம். களவா கிடைக்கிற பாருக்கு மீன் படம், கணவாய்க்கு நட்சத்திரம், வலை மாட்டுகிற கல்லுக்கு மண்டை ஓடு, நங்கூரம் போடத் தோதான இடத்துக்கு நங்கூரம். இப்போது அப்பாவே திரையில் படத்தைத் தேர்ந்து, "போ" பொத்தானை அழுத்தி, திசையும் தூரமும் பார்த்து ஓட்டுகிறார். பார்களின் பழைய பெயர்களை மட்டும் ஒரு நோட்டில் தமிழில், எண்ணோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். கருவி தண்ணீரில் போனாலும் நோட்டு வீட்டில் இருக்கும்.

ஓட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ஜி.பி.எஸ். காட்டுகிற திசை வள்ளம் நகர்கிற திசை, அணியம் பார்க்கிற திசை இல்லை. மோட்டாரை அணைத்துத் தூண்டில் போட்டு நிற்கும்போது அந்த எண் இஷ்டத்துக்குச் சுற்றும். மங்கலில் மறுபடி கிளப்பும்போது முதலில் பார்க்கவேண்டியது திசைகாட்டியைத்தான். இன்னொன்று, திரையில் கோடு நேராகப் போவதால் பாதையும் சுத்தமாக இருக்கிறது என்று நம்பக்கூடாது. எங்கள் கரையில் பாறை அதிகம். போன தடம் பதிவாகியிருக்கும், திரும்பும்போது அதே தடத்தில் வருவதுதான் பத்திரம்.

ஆள் கடலில் விழுந்தால் அழுத்துகிற எம்.ஓ.பி. பொத்தான் எங்கே என்று வள்ளத்தில் எல்லோருக்கும் தெரியவேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத் தெரியும். அதேபோல் இருக்கிற இடத்தை வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் வாசித்துச் சொல்லவும் பழகிக்கொண்டோம். டிகிரி, நிமிடம், பாயின்ட், பிறகு ஒவ்வொரு எண்ணாக, இரண்டு முறை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் குமரிக் கரையிலிருந்து போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. இந்த மாவட்டத்தில் கடலுக்குப் போகிற யாருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கரையிலிருந்து சொல்வதானால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

பழைய கைக்கருவி இன்னும் எங்களோடு வருகிறது, கூடவே இரண்டு ஜோடி பேட்டரிக் கட்டைகள். அதில் தேதி இருபது வருடம் பின்னால் காட்டும். ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை எண்ணி மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது, 2019 ஏப்ரல் 6ஆம் தேதி அப்படி ஒரு சுற்று முடிந்தது. பழைய கருவிகள் பலவற்றுக்கு அது புரியவில்லை. இடத்தைச் சரியாகவே காட்டுவதால் வைத்திருக்கிறோம், நிலவு நாளை மட்டும் அதில் பார்ப்பதில்லை.

எங்கள் தெருவில் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கே தெரியாத சில பார்களின் கணியம் அவரிடம் இருக்கிறது, அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு நாள் வள்ளத்தில் வாருங்கள், உங்கள் பெயரிலேயே மார்க் வைக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். சம்மதித்துவிட்டார். ஐப்பசி மழை விட்டு மலை துலக்கமாகத் தெரியத் தொடங்கியதும் கூட்டிக்கொண்டு போகிறோம்.