தியானத்தில் வரும் விலகலை எதைக் கொண்டு அளப்பது?

நெடுநேரம் தியானத்தில் அமர்ந்து எழுந்த பின், தன் கை அசைவதையும் தன் வாய் பேசுவதையும் யாரோ தள்ளி நின்று பார்ப்பதுபோலத் தோன்றுவது அரிதான அனுபவமல்ல, எனக்கும் நேர்ந்திருக்கிறது. இதைக் கேட்கும் குரு, தன் உடலையும் மனதையும் சாட்சியாக நின்று பார்க்கும் ‘சாட்சி பாவம்’ கைகூடுகிறது என்று மகிழக்கூடும். மனநல மருத்துவரோ தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பதாக உணரும் ‘டீபர்சனலைசேஷன்’ என்று குறித்துக்கொள்ளக்கூடும்.

மருத்துவம் இதில் நாம் நினைக்கும் அளவுக்குக் கண்மூடித்தனமானதல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேடு, தியானத்தில் ஒருவர் தாமாக விரும்பி வரவழைத்துக்கொள்ளும் விலகலை நோயாகக் கருதக்கூடாது என்றே சொல்கிறது. ஆனால் விரும்பித் தொடங்கிய சிலர் காலப்போக்கில் அதன்மீது கட்டுப்பாட்டை இழந்து, அதைக் கண்டே அஞ்சும் நிலைக்கு வருவதுண்டு என்பதையும் அது சேர்த்தே குறிப்பிடுகிறது.

இது ஞானமா, நோயா என்ற விவாதம் எழும்போதெல்லாம் யாரேனும் ரமணரை இழுத்துவருவார்கள். 1896இல், பதினாறு வயதில், மதுரையில் தான் சாவதாகவே உணர்ந்த மரண அனுபவம் பெற்று, திருவண்ணாமலைக்கு வந்து, ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே பூச்சிகள் தொடையை அரிப்பதும் தெரியாமல் கிடந்தவரை இன்றைய மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே, எனினும் அக்காட்சியோடு நின்றுவிடுகிறவர்கள் அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டை மறந்துவிடுகிறார்கள். அந்த ரமணர்தான் ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கினார், லட்சுமி என்ற பசுவைப் பேணினார், 1922இல் தாய் அழகம்மாள் உயிர் பிரியும்வரை அருகிலேயே இருந்து அவர் மார்பிலும் தலையிலும் கை வைத்திருந்தார். மனம் ஒடுங்குவதில் இலயம், நாசம் என இருவகை உண்டு என்றும், இலயத்தில் ஒடுங்கிய மனம் மீண்டும் எழும் என்றும் ‘உபதேச உந்தியார்’ நூலில் எழுதியவரும் அவரே. ஆகவே மனம் அடங்கிவிட்டதாலேயே அது ஞானம் என்று முடிவுகட்ட அவரே இடந்தரவில்லை.

பௌத்த மரபும் இதே எச்சரிக்கையைத் தந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய ‘விசுத்திமக்க’ என்னும் பௌத்த நூல், உபேக்கை என்னும் சமநிலைக்கு மிக நெருங்கிய பகையாக அறியாமையால் வரும் அலட்சியத்தைச் சொல்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால்தான் அது நெருங்கிய பகை.

எனவே, தியானத்தின்போது என்ன தோன்றியது என்பதைவிட, எழுந்த பின் மனிதர்களிடம் எப்படி இருக்கிறோம் என்பதையே நான் முதன்மையாகப் பார்ப்பேன். குழந்தை அழும்போது உள்ளம் பதறாமல் கை மட்டும் விரைந்து தூக்குகிறதென்றால் கவலையில்லை. அழுகையே கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல் இருந்து, அந்நிலை நாள்கணக்கில் நீடித்து, உறக்கமும் கெட்டு, வேண்டாமென்றாலும் விலகாவிட்டால், அதை வைராக்கியம், அதாவது பற்றின்மை, என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தகையவர் நீண்ட அமர்வுகளை நிறுத்திவிட்டு, தயங்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். “இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போ, தாண்டிவிடுவாய்” என்று சொல்லும் ஆசிரியரிடம் அச்சமயத்தில் யோசனை கேட்காமலிருப்பதும் நல்லது.