கல்வட்டம் தோண்டப் போய்க் கூட்டுப் பட்டாவில் சிக்கிய கதை

பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காட்டில் அகழாய்வு என்றதும் எலும்பு கிடைத்ததா, சூதுபவள மணி கிடைத்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கூட்டுப் பட்டா. கொங்குப் பகுதியில் ஒரு மானாவாரிக் காட்டில் கல்வட்டம் (சுற்றிலும் உருண்டைக் கற்கள் வைத்த பழங்கால ஈமக்குழி) தோண்டும் குழுவில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் சிக்கலில்லாமல் வந்துவிட்டது. உள்ளூர்க் காகித வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

நிலத்துக்காரப் பெரியவர் கேட்டவுடன் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைத் தாலுகா அலுவலகத்தில் நீட்டினால், எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இந்தப் புல எண் இப்போது இல்லை” என்றார். பாகப்பிரிவினைக்குப் பின் நிலம் உட்பிரிவாகிவிட்டதாம். எங்கள் தாள்களில் இருந்தது பழைய எண். கல்வட்டம் எந்த உட்பிரிவில் வருகிறது என்றால், சர்வேயர் அளந்தால்தான் தெரியும் என்றார். சர்வேயர் வேறு பணியில். மறுபடி வரச் சொன்ன நாளில் எழுத்தரே விடுப்பு. போன பஸ்ஸிலேயே திரும்பினேன்.

ஒருவழியாக அளந்து பார்த்தால், அது கூட்டுப் பட்டா. பெரியவர், அவர் தம்பி, கட்டிக்கொடுத்த தங்கை என மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். தங்கை வேறு மாவட்டத்தில் இருக்கிறார். தோண்டினால் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார், கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. பிறகு பெரியவரையே உடன் அழைத்துப் போனேன். அண்ணனைப் பார்த்ததும் பேனாவை வாங்கிவிட்டார்.

இனி இந்த வேலைக்குப் போகிறவர்கள் விண்ணப்பம் எழுதும் முன்பே பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவுப் படம்) மூன்றுக்கும் புதிய நகல் எடுத்துவிடுங்கள். கல்வட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளியைப் புலப்படத்தில் குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்குள் கோடை பாதி போய்விட்டது. ஆடிப்பட்டத்துக்குக் காட்டை மூடித் திருப்பித் தர வேண்டும் என்பது பெரியவரின் ஒரே நிபந்தனை. கல்வட்டத்தை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, குறுக்கே மண்சுவர் விட்டு, எதிரெதிரான இரண்டை முதலில் இறக்கினோம். உள்ளே கற்பலகைகளால் கட்டிய ஈம அறையான கற்பதுக்கையின் கிழக்குப் பலகையில் இடுதுளை, அதாவது பலகையில் குடைந்த துளை, தெரிந்தது. பதுக்கைக்குள் பிரிமனைகள் (பானையை நிறுத்தும் வளையங்கள்), கருப்பு-சிவப்புக் கிண்ணங்கள், நொறுங்கிய எலும்பு. மீதி இரண்டு பகுதிகளையும் அவசரமாக அள்ளிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பேராசிரியர் மறுத்துவிட்டார். எனக்கு அப்போது எரிச்சல்தான், ஆனாலும் அவர் செய்தது சரி.

பானைக்குள் இருந்த மண்ணுக்காகத்தான் பெரிய சண்டையே நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த முக்கியஸ்தர் ஒருவர் பானையைக் கவிழ்த்துக் கழுவிக் காட்டச் சொன்னார். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லும் மண்ணும்தான் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைத் தந்தன என்று நான் குறுக்கே புகுந்து சொன்னேன். முகம் சுளித்தார். பானை கவிழவில்லை.

பதுக்கையைவிட எனக்குப் பிடித்தது சுற்றுவட்டாரத்தைப் பதிவு செய்த வேலை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஈமக்காடு மட்டும் சுமார் 40 ஹெக்டேர், மக்கள் வாழ்ந்த மேடு சுமார் 15 ஹெக்டேர். அப்படியானால் நம் கல்வட்டத்துக்காரர்கள் எங்கே குடியிருந்தார்கள்? டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி முழுதாக நிற்கும் வட்டங்களைத்தான் அளக்கும். வரப்பிலும் மாட்டுக் கொட்டகைச் சுவரிலும் போய்ச் சேர்ந்த உருண்டைக் கற்களை நடந்துதான் தேட வேண்டும். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், “பாண்டவர் குழி இங்கே, ஓட்டாஞ்சில்லு எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினார். பாண்டவர் குழி என்று அவர் சொன்னது கல்வட்டத்தை, ஓட்டாஞ்சில்லு என்றது உடைந்த பானை ஓட்டை. உழுத காட்டில் அரை மணி நேரம் நடப்பதற்குள் பை நிறையக் கருப்பு-சிவப்பு ஓடுகள், கூடவே இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடு, குடியிருப்புக்கான தடயம். அன்று மதியச் சோறு தனி ருசி.

குழியின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பும், அதன் மேல் அந்த ஆண்டு அச்சான நாணயமும் போட்டு மூடினோம். அடுத்துத் தோண்டுகிறவருக்கு நாங்கள் எதுவரை போனோம் என்று தெரியும். பயிர் இழப்பீட்டுக் கோப்பு மட்டும் இன்னும் நகரவில்லை, தம்பியின் வங்கிக் கணக்கு நகல் வேண்டுமாம். பெரியவர் வாரம் தவறாமல் எனக்குத்தான் போன் செய்கிறார். அந்தத் தொகை போய்ச் சேராமல் மீதி இரண்டு பகுதிகளைத் தோண்டக் கேட்க எனக்கு வாய் வராது.